பழைய கவசமும் குறைந்து செல் மதிப்பும்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொங்கல் விழாவில் நடந்த சிறுவர் பட்டிமன்றத்தில் நடுவராக நான் பேசியது. அன்று ஊருக்குப் போயிருந்தவர்கள் கேட்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)

சங்கத் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள், பேசி முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆறு குழந்தைகள், அவர்களைப் பெற்றவர்கள், காலையிலிருந்து மைக்கோடு மல்லுக்கட்டும் எலெக்ட்ரீஷியன் தம்பி, எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமாக நம் பட்டிமன்றத்தில் 'கூட்டுக்குடும்பமா, தனிக்குடித்தனமா' என்று வைப்போம். நடுவர் கடைசியில் இரண்டும் வேண்டும் என்று சொல்லிவிட்டு சாப்பிடப் போய்விடுவார். இந்த முறை தலைப்பைக் குழந்தைகளே கொடுத்துவிட்டார்கள். இணைய விளையாட்டில் புதிய விரிவாக்கம் வரும்போது பழைய ஆயுதங்களும் கவசங்களும் மதிப்பிழக்கலாமா, கூடாதா? செயலாளர் என்னிடம் வந்து, "சார், மதிப்பு, மதிப்பிழப்புன்னு வருது. பேங்க்ல இருந்தவங்க நீங்கதான் உட்காரணும்" என்றார். முப்பத்தாறு வருடம் கிளார்க்காக இருந்தவனுக்கு மறுக்கத் தெரியாது. பத்து நாள் படித்தேன், பேரன் வயதுப் பிள்ளைகளிடம் பாடம் கேட்டேன். இதோ வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

பின் வரிசையில் இருக்கும் தாத்தா பாட்டிகளுக்கு முதலில் ஒரு விளக்கம். இது காசு கட்டி ஆடும் ரம்மி சமாசாரம் இல்லை. அதோடு இதைப் போட்டுக் குழப்ப வேண்டாம். இதில் ஒரு பெரிய கற்பனை உலகம் இருக்கிறது. உலகெங்கும் உள்ளவர்கள் ஒரே நேரத்தில் அதற்குள் நடமாடுகிறார்கள். உங்களுக்கென்று ஒரு வீரன். அவனுக்கு நிலை ஒன்று, இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும். வாள், தலைக்கவசம், மார்புக்கவசம் எல்லாம் ஒவ்வொன்றாகச் சம்பாதிக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கம்பெனி புதிய நிலப்பரப்பு, புதிய எதிரிகள், புதிய பொருட்களோடு ஒரு தொகுப்பை விலைக்கு விடும். அதுதான் விரிவாக்கம்.

இதில் பெயர் பெற்ற வழக்கு ஒன்று உண்டு. குழந்தைகள் இரண்டு தரப்பிலும் அதைத் தொட்டார்கள், ஆனால் மணி அடித்துவிட்டதால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. நான் சொல்கிறேன். எனக்கு யாரும் மணி அடிக்க மாட்டார்கள்.

'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற விளையாட்டு 2004 நவம்பரில் வந்தது. அப்போது உச்ச நிலை 60. அந்த உச்சியை எட்டியவர்களுக்கு 'மோல்ட்டன் கோர்' என்று ஒரு எரிமலைக் குகை. உள்ளே போக நாற்பது பேர் வேண்டும். நம் சங்கத்தின் பொதுக்குழுவுக்கு நாற்பது பேரைச் சேர்ப்பதே என்ன பாடு என்று தலைவரைக் கேளுங்கள். அவர்கள் வாரா வாரம் சேர்த்தார்கள். ஒரு அரக்கனை வீழ்த்தினால் இரண்டு மூன்று பொருள்தான் விழும், அவற்றை நாற்பது பேரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதே அரக்கனை மறுபடி அடிக்க அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டும். யாருக்கு எதைக் கொடுப்பது என்பதற்காகக் குழுக்கள் ஒரு கணக்கு முறை வைத்திருந்தன. அதற்கு டி.கே.பி. என்று பெயர், 1999-ல் வந்த 'எவர்க்வெஸ்ட்' விளையாட்டின் காலத்திலிருந்தே இருக்கிறதாம். வந்து சண்டையில் கலந்துகொண்டால் உங்கள் பெயரில் புள்ளி வரவு. பொருள் எடுத்தால் பற்று. இருப்பு அதிகம் உள்ளவருக்கு முன்னுரிமை. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. சுத்தமான சேமிப்புக் கணக்கு! பாஸ்புக் ஒன்றுதான் குறை.

பொருட்களுக்கு நிறத்தில் தகுதி உண்டு. சாம்பல், வெள்ளை, பச்சை, நீலம், ஊதா, ஆரஞ்சு என்று ஏறும். பச்சை சாதாரணம், வழியில் போகிற வருகிற வேலை செய்தாலே கிடைக்கும். ஊதா என்பது மாதக்கணக்கான உழைப்பு.

2007 ஜனவரியில் முதல் விரிவாக்கம் 'தி பர்னிங் க்ரூஸேட்' வந்தது. முதல் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 24 லட்சம் பிரதிகள் விற்றதாகக் கம்பெனி அறிவித்தது. உச்ச நிலை 60-லிருந்து 70 ஆனது. புதிய நிலத்தின் முதல் பகுதியில் கால் வைத்து, இத்தனை பன்றியைக் கொன்று வா என்பது போன்ற சில்லறை வேலைகளை முடித்தவர்களுக்குப் பச்சைப் பொருட்கள் கொடுத்தார்கள். அந்தப் பச்சை, பலர் எரிமலைக் குகையில் வாரக்கணக்காக நின்று வாங்கிய ஊதாவைவிடப் பலமாக இருந்தது. கடைசியாக வந்த கடினமான கோட்டையை முடித்த வெகு சிலருடைய கவசங்கள் மட்டும் இன்னும் கொஞ்சம் தூரம் தாக்குப்பிடித்தன. மற்றவர்கள் வழியில் கிடைத்த பச்சையை மாட்டிக்கொண்டு ஊதாவைப் பெட்டியில் போட்டார்கள்.

'கூடாது' என்ற அணியில் பேசிய ஏ பிளாக் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இதைத்தான் கேட்டான். "நான் சம்பாதிச்சதை என்னைக் கேட்காம எப்படி வெட்டலாம்?" நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். 2016 நவம்பரில் நான் கேஷ் கவுன்ட்டரில் இருந்தேன். அந்த முடிவு சரியா தவறா என்று பேச இது இடமில்லை. ஆனால் பழைய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாளைக் கணக்கில் கட்டினால் அதே தொகை வரவில் ஏறியது. கட்டுவதற்கு டிசம்பர் 30 வரை அவகாசம் இருந்தது. வரிசை நீளம், வெயில், கோபம் எல்லாம் இருந்தது, மதிப்பு கைக்கு வந்தது. விளையாட்டில் அந்தக் கவுன்ட்டரே கிடையாது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் தீர்ப்பு சுலபம். ஆனால் 'மதிப்பிழக்கலாம்' என்ற அணியில் சி பிளாக் பெண் குழந்தை எழுந்தாள். போன ஜூனில்தான் இங்கே குடிவந்தவர்கள். "என் ஃப்ரெண்ட்ஸ் மூணு வருஷமா ஆடுறாங்க, நான் போன வருஷம்தான் சேர்ந்தேன். அவங்க போற இடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போக முடியாது, நான் உடனே செத்துடுவேன். புது விரிவாக்கம் வந்த அன்னைக்குத்தான் முதல் தடவையா அவங்களோட ஒரே வரிசையில நின்னேன்." அவள் அதைச் சொன்னபோது அரங்கில் யாரும் கைதட்டவில்லை. நான் கவனித்தேன். ஏன் என்றும் எனக்குத் தெரியும். நம் குடியிருப்பில் லிஃப்ட் பக்கத்துக் கூரையுள்ள கார் நிறுத்தம் யாருக்கு? முதலில் பணம் கட்டியவர்களுக்கு. பின்னால் வந்தவர்கள் மழையில் நனைந்துகொண்டு ஓடுகிறார்கள். அது எத்தனை வருடமானாலும் மாறாது. (பார்க்கிங் விஷயத்தை நான் தீர்க்கப் போவதில்லை, தலைவர் பயப்பட வேண்டாம்.) முதலில் வந்தவனுடைய சொத்து என்றைக்கும் குறையாது என்று எழுதி வைத்தால், இரண்டாவதாக வந்தவன் என்றைக்கும் இரண்டாவதுதான்.

கம்பெனிக்காரர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பழைய வாளே சிறந்த வாளாக இருந்தால் புதிய வாளை எவன் தேடிப் போவான்? போக வைக்க வேண்டுமென்றால் புதியது கொஞ்சம் பலமாக இருக்க வேண்டும். அடுத்தது இன்னும் கொஞ்சம். இது எங்கே போய் முடிந்தது தெரியுமா? அதே வார்கிராஃப்டில் ஆரம்பத்தில் ஆயிரங்களில் இருந்த உயிர்ப்புள்ளிகள் சில வருடங்களில் லட்சங்களுக்குப் போய்விட்டன. 2014-ல் எல்லா எண்களையும் ஒரே வெட்டாக வெட்டிச் சுருக்கினார்கள். 2018-ல் மறுபடி வெட்டு. 2020-ல் உச்ச நிலையே 120-லிருந்து 60-க்கு இறங்கியது. துருக்கி 2005-ல் தன் நாணயத்தில் ஆறு பூஜ்யங்களை நீக்கியது, பத்து லட்சம் பழைய லிரா ஒரு புது லிரா. பணவீக்கம் என்றால் பணவீக்கம்தான், அரக்கர்கள் நாட்டில் வந்தாலும்.

வேறொரு கம்பெனி நேராகவே செய்து பார்த்தது. 'டெஸ்டினி 2' என்ற துப்பாக்கி விளையாட்டில் 2020 நவம்பரில் விரிவாக்கம் வந்தபோது, பழைய துப்பாக்கிகளுக்கு ஒரு பல உச்சவரம்பு வைத்தார்கள். துப்பாக்கி உங்களிடமே இருக்கும், சுடும், ஆனால் பல உயரம் பார்க்கிற கடினமான இடங்களில் அதற்கு மேல் பலமேறாது. ஆடுபவர்கள் கொதித்தார்கள். 2021 பிப்ரவரியில், இனிமேல் புதிதாக எந்த ஆயுதத்தையும் இப்படி ஓய்வுபெற வைக்க மாட்டோம் என்று கம்பெனியே அறிவித்தது. மூன்று மாதம்தான் தாங்கியது. காலாவதித் தேதி அச்சடித்த பொருளை யாரும் ஆசையாகத் தேட மாட்டார்கள் என்பது மளிகைக் கடைக்காரருக்கே தெரியும்.

மறுபக்கம் 'கில்ட் வார்ஸ் 2'. 2012 ஆகஸ்டில் வந்தபோது உச்ச நிலை 80. எத்தனையோ விரிவாக்கங்கள் வந்துவிட்டன, இன்றும் 80தான். வந்த சில மாதத்தில், அதே நவம்பரில், ஒரு புதிய உயர்ரகப் பொருள் வரிசையை நுழைத்தார்கள். வாக்குத் தவறிவிட்டீர்கள் என்று பெரிய சண்டை. அதற்கப்புறம் அதைவிடப் பலமான ரகம் வரவில்லை. அன்று சேர்த்தது இன்றும் செல்லும். அப்படியானால் விரிவாக்கத்தில் எதை விற்கிறார்கள்? 2015-ல் காற்றில் மிதந்து இறங்கும் வித்தை. 2017-ல் சவாரி விலங்குகள். பலத்துக்குப் பதிலாகப் புதிய திறமை. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை ஆடும் டி பிளாக் பையன் ஒருவன் என்னிடம் தனியாகச் சொன்னான், "அங்கிள், எல்லாம் சேர்த்து முடிச்சப்புறம் எதுக்கு உள்ள போறேன்னே தெரியல." அவன் வயதில் அப்படிச் சலிக்கலாம். எனக்கென்னவோ அது பென்ஷன் மாதிரி நிம்மதியாகத் தெரிகிறது.

சரி, தீர்ப்புக்கு வருகிறேன். நான் பி.காம். இரண்டே இரண்டு பாடத்தை வைத்துக்கொண்டு வாழ்க்கை நடத்தியவன், அதில் ஒன்று தேய்மானம். ஒரு இயந்திரத்தின் மதிப்பு மூன்று காரணத்தால் குறையும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பயன்படுத்தித் தேய்வது, காலம் கழிவது, புதியது வந்ததால் வழக்கொழிவது. மூன்றாவதை யாராலும் தடுக்க முடியாது, விளையாட்டிலும் முடியாது. எப்படிக் கழிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நேர்கோட்டு முறை ஒன்று: பத்தாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு வருடம் ஆயிரம் கழித்தால் பத்தாவது வருடம் பூஜ்யம். இன்னொன்று குறைந்து செல் மதிப்பு முறை. மீதி இருப்பதில் பத்து சதவீதம் கழிப்பது. பத்தாயிரம் அடுத்த வருடம் ஒன்பதாயிரம், அப்புறம் 8,100, அப்புறம் 7,290. குறைந்துகொண்டே போகும். கணக்குப்படி என்றைக்குமே பூஜ்யம் ஆகாது.

ஆகவே என் தீர்ப்பு: மதிப்பு குறையலாம், குறையத்தான் வேண்டும், சி பிளாக் குழந்தைக்காக. ஆனால் ஒரே இரவில் எழுதித் தள்ளக் கூடாது, ஏ பிளாக் பிள்ளைக்காக. 2007-ல் நடந்தது தேய்மானம் இல்லை, வாராக்கடனைத் தள்ளுபடி செய்கிற மாதிரி ஒரே வரியில் முடித்தது. ஊதாக் கவசம் போட்டவன் புதிய நிலத்தில் பாதி தூரமாவது அதோடு நடக்கும்படி எண்களை அமைத்திருக்கலாம், புதியவனும் பின்னாலேயே வந்து சேர்ந்திருப்பான். எப்போது குறையும் என்று முன்கூட்டியே சொல்லவும் வேண்டும். கடன் வட்டியை மாற்றினால்கூட நாங்கள் பலகையில் எழுதிப் போடுவோம்.

இன்னொன்றும் கேட்பேன். சண்டைக்கு ஆகாத கவசத்தை அலங்காரத்துக்காவது அணிய விட வேண்டும். வார்கிராஃப்டில் அதற்கு 2011 கடைசி வரை ஆனது. பழைய கவசத்தின் தோற்றத்தைப் புதியதன் மேல் போர்த்திக்கொள்ளும் வசதி அப்போதுதான் வந்தது. 2019 ஆகஸ்டில், பழைய 60 நிலை உலகத்தை அப்படியே திரும்பத் திறந்தார்கள். ஜனங்கள் வரிசையில் நின்று உள்ளே போனார்கள், அதே எரிமலைக் குகைக்கு, அதே ஊதாவுக்கு. செல்லாது என்று தள்ளியதைத் தேடி இத்தனை பேர் ஏன் வந்தார்கள் என்று அந்தக் கம்பெனியின் கணக்குப் பிரிவு யோசித்திருக்கும்.

தீர்ப்பு முடிந்துவிட்டது. ஆனால் இந்தத் தலைப்பை நான் ஏன் ஒப்புக்கொண்டேன் என்பதை இன்னும் சொல்லவில்லை. செயலாளருக்குக்கூடத் தெரியாது.

2004 வரை எங்கள் கிளையில் கையால் எழுதும் லெட்ஜர்தான். நான் மூன்று பத்திக் கூட்டலைப் பேனா வைக்காமல், கண்ணாலேயே மேலிருந்து கீழே ஓட்டிச் சொல்வேன். பேலன்சிங் டேலி ஆகாத இரவுகளில் பக்கத்துக் கிளையிலிருந்துகூட என்னைக் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு பைசா வித்தியாசத்தை இரவு பதினொன்றரைக்குக் கண்டுபிடித்துவிட்டு டீக்கடையில் நின்ற சந்தோஷம் இருக்கிறதே! ஒரு சனிக்கிழமை மதியம் லெட்ஜர்களைக் கயிறு போட்டுக் கட்டி மாடிக்கு ஏற்றினார்கள். திங்கள்கிழமை கம்ப்யூட்டர். பக்கத்து நாற்காலியில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு பொத்தானைத் தட்டினான், மொத்தமும் வந்துவிட்டது. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. வேலையும் போகவில்லை. ஆனால் ஒரு வருடம் நான் வீட்டில் சிடுசிடு என்றுதான் இருந்தேன், என் மனைவி இதோ முன் வரிசையில் தலையாட்டுகிறாள்.

மூன்று வருடம் கழித்து, என் மகன் இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். பிராட்பேண்டில் இரவு இரண்டு மணி முதல் காலை எட்டு வரை எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்ற திட்டம் அப்போது இருந்தது. இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஆடுவான். என்ன விளையாட்டு என்ற பெயர் வேண்டாம். இதே போல் ஒரு கூட்டம், இதே போல் ஒரு கவசம். ஒரு நாள் விரிவாக்கம் வந்தது. அவன் காலையில் சாப்பிட வரவில்லை. கேட்டதற்குச் சொன்னான். நான் சிரித்தேன். "இல்லாத கவசம் போச்சுன்னு இருக்கிற இட்லியை விடுவாங்களாடா?" என்றேன். நல்ல ஜோக் சொன்னதாக நினைப்பு வேறு. அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "உங்க லெட்ஜர் போனப்ப நான் சிரிக்கலையேப்பா" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். பதினெட்டு வருடத்துக்கு மேல் ஆகிறது, அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் மறுபடி பேசவே இல்லை. அவன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறான், அவனுக்கே நான்கு வயதில் ஒரு பெண்.

நேற்று இரவு இந்தப் பேச்சைத் தயார் செய்துகொண்டிருந்தபோது வீடியோவில் அழைத்தான். நான் தலைப்பைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு போனை மேஜைமேல் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் எதையோ தேடினான். அந்தக் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறதாம், பாஸ்வேர்டுதான் மூன்று தடவை தப்பாகப் போட்டான். திரையைத் திருப்பிக் காட்டினான். ஒரு சின்ன உருவம், நீலமும் வெள்ளியுமாகக் கவசம் போட்டுக்கொண்டு ஒரு பாலத்தின் மேல் நின்றது. சுற்றி ஒரு ஆள் இல்லை. "இருபத்தஞ்சு பேர்ல ஆறு பேர் இன்னும் வாட்ஸ்அப்ல பேசிக்கிறோம்பா" என்றான்.

அந்த மார்புக்கவசம் வாங்க எத்தனை வாரம் ஆனது என்று கேட்டேன்.

"பதினேழு" என்றான். யோசிக்காமல் சொன்னான். அப்புறம் ஒவ்வொரு வாரமும் யார் வந்தார்கள், யாருக்கு நெட் போனது, எந்த வாரம் ஒரே ஒரு அடி மீதி இருக்கும்போது எல்லோரும் செத்தார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான். மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. பதினோராவது வாரம் வரைக்கும்தான் வந்திருக்கிறோம், மீதியை இன்று இரவு கேட்க வேண்டும். பரிசு கொடுத்துவிட்டால் நான் கிளம்பலாம். தலைவர் மேடைக்கு வரவும்.